பாச்சி நித்திரை

முதலில் மத்தியானம் போனது.
அதை நான் பறிக்கவில்லை.
குழந்தைகள் காப்பகத்தில் பாஸ்தா எடுத்துக்கொண்டது.
கூட்டிவரப் போனபோது
தக்காளி அப்பிய கன்னத்தோடு
வேறு யாருக்கோ சிரிப்பதுபோல
என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

பின்னேரம் போக ஒரு மாதம் எடுத்தது.
வாழைப்பழம், கதைப்புத்தகம்,
மூடி திறந்து மூடும் வெறும் டப்பா,
அப்பாவின் தோள்
என்று ஒவ்வொன்றாய் ஈடு வைத்து
மெல்ல மெல்ல மீட்டேன்.

விடியற்காலை மட்டும் மிச்சம்.

வுப்பர்த்தாலில் எங்கள் தெருவுக்கு மேலே
ரயில் தொங்கிக்கொண்டு போகும்,
எங்கள் யன்னல் உயரத்தில்.
முதல் வண்டிக்குக் கோப்பைகள் லேசாய்க் கதைக்கும்.
தாரகி புரளுவாள்.
கண் திறவாமலே என் சட்டையின்
மூன்றாவது பொத்தானைப் பிடிப்பாள்.
இருபத்தொரு மாதமாய்
அந்த விரல் ஒருநாளும் வழி தவறியதில்லை.

சின்னக்கா மட்டக்களப்பிலிருந்து
குரல் செய்தி அனுப்பினாள்:
"வேப்பெண்ணெய் பூசு. ரெண்டு நாள் கத்துவாள்,
மூண்டாம் நாள் மறந்திடுவாள்.
பால் வத்த மல்லிகைப்பூ வைச்சுக் கட்டு."

பெப்ரவரியில் மல்லிகைக்கு எங்கே போவேன்.
வேப்பெண்ணெய் இருக்கிறது,
தமிழ்க் கடையில், குப்பி நாலு யூரோ.
வாங்கிவந்து மூடி திறந்து மணந்து பார்த்தேன்.
இவ்வளவு நாள் இனித்தது
ஒரே இரவில் கசந்தால்
பிறகு எதைக் கொடுத்தாலும்
ஒரு தரம் நக்கிப் பார்த்துத்தானே
வாய் திறப்பாள்?
குப்பி இப்போது கறிவேப்பிலைச் செடியடியில் நிற்கிறது.
பூச்சிக்கு நல்லது.

மருத்துவிச்சி பிரீகிட்டே கோவா இலை சொன்னாள்.
குளிர்ப்பெட்டியில் வைத்து,
நரம்பை நசித்து,
உள்ளாடைக்குள் மடித்துவை என்றாள்.
வைத்துக்கொண்டு வேலைக்குப் போனேன்.
பத்து மணிக்கு, பாண் அடுக்கும்போது,
நெஞ்சுச் சூட்டில் இலை அவிந்துவிட்டது.
வாடிக்கைக் கிழவர் மூக்கை உயர்த்தி
இன்றைக்கு சூப்பும் உண்டா என்று கேட்டார்.
இல்லை என்றேன்,
கல்லாய்க் கனத்த இரண்டையும்
கல்லாப்பெட்டிக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு.

அன்றிரவு மகளிடம் சொன்னேன்:
பாச்சி களைச்சுப்போச்சு.
பாச்சி நித்திரை.

விடிய அழுதாள்.
குகதாசன் தூக்கிக்கொண்டுபோய்
யன்னலில் நெற்றி முட்ட நின்று
வண்டி எண்ணினான்.
நான் குளியலறையில் கதவைச் சாத்தி
அவள் அழுகைக்கு ஊறியதைக்
கைகழுவும் தொட்டியில் பீய்ச்சினேன்.
வெள்ளையில் வெள்ளை,
தண்ணீரைத் திறந்ததும் போய்விட்டது.
யாரை யார் மறக்கப் பழகுகிறோம் என்று
அந்த நேரம் எனக்குச் சரியாய்த் தெரியவில்லை.

இரண்டாம் நாளும் அழுகை.
மூன்றாம் நாள் முனகல் மட்டும்.

நாலாம் நாள் முதல் வண்டிக்கு முன்பே விழித்தாள்.
பொத்தானைத் தொட்டாள்.
தொட்ட கையை எடுத்தாள்.
தன் முயல் போர்வையை இழுத்துவந்து
என் நெஞ்சின்மேல் போட்டு,
ஓரங்களைக் கவனமாய்ச் செருகி,
உதட்டில் விரல் வைத்து
"ஷ்ஷ்" என்றாள்.
பிறகு தட்டினாள்,
நான் அவளைத் தட்டும் அதே தாளத்தில்,
ரெண்டு மெதுவாய், ஒன்று இன்னும் மெதுவாய்.

அவள் தட்டத் தட்ட
முயலின் காதுக்குக் கீழே
சூடாய் ஓர் ஈரம் பரவியது.

மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தேன்.
கோப்பைகள் கதைக்கத் தொடங்கின.
"வண்டி!" என்று இறங்கி ஓடினாள்
யன்னலுக்கு, வெறுங்காலோடு.

போர்வையை இன்னும் கொஞ்சம் மேலே இழுத்து
பாலிடம் சொன்னேன்:
சத்தம் போடாதே.
நீ நித்திரை என்று
அவள் நம்பிவிட்டாள்.